தென்காசிப் பாண்டியர் குடிவழி

தமிழிலக்கிய வரலாறு பயில்வார் அனைவரும் கேட்டிருக்கும் கதை ஒன்று உண்டு. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியனும் பிரமோத்தர காண்டம் பாடிய வரதுங்கராம பாண்டியனும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதும், தம்பியின் நூலை அண்ணன் மனைவி குறைகூறினாள் என்பதும், அதனால் வெகுண்ட தம்பி படையெடுத்துச் சென்றான் என்பதும், பின்னர் அண்ணன் விடுத்த ஓலையைக் கண்டு நாணித் திரும்பினான் என்பதும் அக்கதையின் சுருக்கம். பாடநூல்களிலும் பதிப்பு முன்னுரைகளிலும் இது பலகாலும் எடுத்தாளப்பட்டு, ஏறத்தாழ வரலாறாகவே நிலைபெற்றுவிட்டது. ஆனால் கல்வெட்டும் செப்பேடும் காட்டும் குடிவழி இதனோடு பொருந்துவதாயில்லை. அவ்விருவரும் ஒரு தந்தையின் மக்கள் அல்லர். இரு தந்தையர் மக்கள். கதை முற்றும் பொய்யோ, அன்றி நாம் அதனைப் படித்த முறைதான் பிழையோ என்பதனை ஆராய வேண்டின், அக்குடும்பம் தென்காசிக்கு வந்த வரலாற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மதுரையை மாலிக்கபூர் 1311-இல் சூறையாடினான். பாண்டியர் தலைநகரை இழந்து தென்காசிக்கு ஓடினர். அங்கே புதிய அரசு அமைத்தனர் என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது நம்மவர் வழக்கம். இக்கூற்றில் ஒரு நூற்றாண்டு மறைந்துவிடுகின்றது. மாலிக்கபூரின் வருகைக்கும், தென்காசியில் பெருங்கோயில் எடுத்த பராக்கிரம பாண்டியன் 1422-இல் முடிசூடியதற்கும் இடையே 111 ஆண்டுகள் உள்ளன. முதலாம் மாறவர்மன் குலசேகரன் 1310-இல் கொலையுண்டபின் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் தம்முள் பொருதமையே குடும்பம் சிதறுதற்கு முதற்காரணம் ஆயிற்று. அதன்பின்னரே வடவர் படையெடுப்பும், 1330-களில் தோன்றிய மதுரைச் சுல்தானியமும், 1371-ஐ ஒட்டி விசயநகரத்துக் குமார கம்பணன் மதுரையைக் கைப்பற்றியதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இக்காலம் முழுவதிலும் பாண்டியர் பெயர் பொறித்த கல்வெட்டுகள் திருநெல்வேலிப் பகுதியில் அற்றுப்போகவில்லை. எனவே ஒருநாள் இரவில் நகரைவிட்டு ஓடிய அரசர் கூட்டத்தை ஈண்டு எண்ணுதல் தகாது. மூன்று நான்கு தலைமுறையாகப் பையப் பையத் தெற்கும் மேற்குமாக ஒதுங்கி, வைகைக் கரையை மறவாமலே சிற்றாற்றங்கரையில் வேரூன்றிய ஒரு குடும்பத்தையே நாம் காண்கின்றோம். குடிபெயர்ந்தோர் வரலாறு பெரும்பாலும் இத்தகையதே.

அவர்கள் வந்தேறிய நிலம் வெறுங்காடும் அன்று. தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவிலுள்ள திருக்குற்றாலம் திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற பதி. குற்றாலத்துக்கு ஒன்றும் அங்குள்ள குறும்பலாவுக்கு ஒன்றுமாக இரண்டு பதிகங்கள் அவர் அருளியவை. குற்றாலநாதர் கோயிற் சுவர்களில் பாண்டியர் குடிபெயர்வுக்கு நெடுநாள் முற்பட்ட கல்வெட்டுகளும் உள்ளன. ஆண்டில் இரு பருவமழையும் பெறும் மலையடிவாரம், அருவிநீர், மலைக்கணவாய் வழியே கொல்லத்துக்குச் செல்லும் பெருவழி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் பாண்டி நாட்டில் வேறொன்று காண்டல் அரிது. பழம்பதியான குற்றாலத்தை விடுத்து அதன் அருகே புதிய ஊரொன்றை அரசர் சமைத்தமை சிந்திக்கத் தக்கது. பழம்பதியில் அவர்கள் திருப்பணி செய்வோராக மட்டுமே இருந்திருத்தல் கூடும். புதிய ஊரிலோ கோயிலும் தெருவும் பெயரும் அவர்களுடையனவே ஆகும். இஃது எம் கருத்தே அன்றிக் கல்வெட்டு கூறுவதன்று.

ஊருக்கு இட்ட பெயரும் குடிபெயர்ந்தோர் மனத்தைக் காட்டுவதாகும். வடகாசிக்குச் சென்று வழிபடுதல் அரிதாயிருந்தமையின், அவ்விறைவனையே தெற்கில் எழுந்தருளச் செய்தான் பராக்கிரமன் என்பதும், இறைவன் கனவில் தோன்றி எறும்பு ஊரும் வழியே சென்று செண்பக வனத்தில் இலிங்கத்தைக் காணுமாறு பணித்தான் என்பதும் தலபுராணச் செய்தி. இழந்த இடத்தின் பெயரைப் புதிய இடத்துக்கு இடுதல் உலகெங்கும் உள்ள இயல்பு. பிரெஞ்சு நாட்டில் 1685-இல் சமய உரிமை பறிக்கப்பட்டபோது வெளியேறிய சீர்திருத்தக் கிறித்தவர் சிலர் அமெரிக்காவில் 1688-இல் ஊரொன்று அமைத்து, தம் பழைய துறைமுகமான லா ரோசேலின் பெயரால் அதனைப் புதிய ரோசேல் என வழங்கினர். ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. அவர்கள் தாம் இழந்த ஊரின் பெயரையே எடுத்துச் சென்றனர். பாண்டியரோ தாம் இழந்த மதுரையின் பெயரைத் தென்காசிக்கு இடவில்லை. மதுரை அவர்கள் நெஞ்சில் மீளப் பெறவேண்டிய நகராகவே இருந்தது போலும். பெற்றுவிடலாம் என்று நம்பியிருக்கும் பொருளுக்கு எவரும் படியெடுப்பதில்லை.

பொன்னின் பெருமாள் என்றும் அரிகேசரி என்றும் சிறப்புப்பெயர் கொண்ட சடையவர்மன் பராக்கிரம பாண்டியன் 1446-இல் விசுவநாதர் கோயிற் பணியைத் தொடங்கினான். ஒன்பது நிலைக் கோபுரத்தை 1457-ஐ ஒட்டித் தொடங்கி, அது முற்றுப்பெறு முன்னரே 1463-இல் மறைந்தான். எஞ்சியதை அவன் தம்பி குலசேகரன் முடித்தான். அக்கோபுரம் பிற்காலத்தில் பிளந்து சிதைந்து, பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1990-இல் புதுப்பிக்கப்பெற்றது. பராக்கிரமன் கோயிலில் பொறித்துவைத்த செய்யுட்கள் தமிழ்க் கல்வெட்டுகளுள் தனிச்சிறப்புடையன. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஊறு நேருமாயின் அதனைத் திருத்திக் காப்பவர் யாராயினும் அவர் அடியைத் தான் பணிவதாக அவன் அங்கே கூறுகின்றான். பேரரசன் ஒருவன் பெயரறியா எதிர்காலத்தார் முன் தலைதாழ்த்தும் இக்கூற்றைப் பக்தி ஒன்றாகவே கொள்வர் பலர். யாம் அதனினும் வேறொன்றும் காண்கின்றோம். தன் மக்களும் மக்கள் மக்களும் அக்கோயிலைக் காப்பர் என்று உறுதியாக நம்பிய அரசன் 'யாராயினும்' என்று பொறித்திருக்க வேண்டுவதில்லை. தலைநகர் ஒன்றை இழந்த குடியில் பிறந்தவன் சொல் அது.

ஆனித் திங்களில் மாணவர் சிலருடன் யாம் அக்கோயிலுக்குச் சென்றிருந்தபோது, சாரல் நனைத்த கல்லில் சாய்வாக ஒளிபட, உச்சி வெயிலில் புலப்படாத எழுத்துகள் தாமே எழுந்து நின்றாற்போல் விளங்கின. கல்வெட்டுப் படிக்கப் புகும் மாணவர் தென்காசிக்குச் சாரற் காலத்தில் செல்வார்களாக.

இனி, இக்குடிவழியை வரைவதில் உள்ள இடர்களைக் கூறுதல் வேண்டும். முன் குறித்த அமெரிக்கப் பிரெஞ்சுக் குடும்பங்களின் வழிமுறையை வரைவோர்க்குத் திருக்கோயிற் பதிவேடுகள் உண்டு. ஞானநீராட்டு, மணம், அடக்கம் என்னும் மூன்றும் நாளோடு அவற்றில் எழுதப்பட்டிருக்கும். தாயின் பெயரும் பல இடங்களில் இருக்கும். நம் கல்வெட்டுகளோ பிறப்பையும் மணத்தையும் பதிவதற்கு எழுந்தவை அல்ல. நிலக்கொடை, விளக்குக்கொடை, வரிநீக்கம் ஆகியனவே அவற்றின் பொருள். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் அக்கொடைக்குக் காலம் காட்டும் அளவில் வருவன. ஆதலின் ஓர் அரசன் பிறந்த நாண்மீனை அவன் விழாக்கொடையால் அறிகின்றோம். அவனைப் பெற்ற தாயை அறிதல் அரிதாகின்றது. அரசமாதேவியர் பெயர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கிடைத்தலின், நாம் வரையும் குடிவழி பெரும்பாலும் ஆண்மக்கள் வரிசையாகவே முடிகின்றது.

பெயர் மயக்கம் அடுத்த இடர். பராக்கிரமன், குலசேகரன், சீவல்லபன், வீரபாண்டியன் என்னும் சில பெயர்களே இக்குடியில் திரும்பத் திரும்ப வருகின்றன. பாட்டன் பெயரை மகன் மகனுக்கு இடுதல் தமிழர் வழக்கம். 'பேரன்' என்னும் சொல்லே பெயரன், அதாவது பாட்டன் பெயரைத் தாங்குவோன், என்பதன் மரூஉ அன்றோ? குடும்பத்துக்கு இது பெருமை. வரலாறு எழுதுவோர்க்கோ பெருந்தொல்லை. ஒருவற்கே இயற்பெயர், அபிடேகப் பெயர், சிறப்புப்பெயர் எனப் பலவும் இருத்தலின், ஒருவனை மூவராகவும் மூவரை ஒருவனாகவும் எண்ணிய பிழைகள் முன்னை ஆராய்ச்சிகளில் நிகழ்ந்துள்ளன.

இவற்றினும் பெரிய இடர் ஆட்சியாண்டுக் கணக்கு. பாண்டியர் கல்வெட்டுகளில் 'இரண்டாவதின் எதிர் பதினாலாவது' என்றாற்போல ஆண்டு குறிக்கப்பெறும். இரண்டையும் கூட்டிக்கொள்ளுதல் ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் வழக்கு. 'எதிர்' என்பதன் பொருள்பற்றி இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மேலும், பாண்டியர் குடியில் ஒரே காலத்தில் ஒருவர்க்கு மேற்பட்டோர் முடிசூடி ஆண்டனர்; ஒவ்வொருவரும் தத்தம் முடிசூட்டு நாளிலிருந்து ஆண்டு எண்ணினர். பராக்கிரமன் ஆட்சி 1422 முதல் 1463 வரை. தம்பி குலசேகரன் ஆட்சி 1429 முதல் 1473 வரை. ஒருவர்பின் ஒருவராக இவர்களை அடுக்கினால் 85 ஆண்டுகள் ஆகும். உண்மையில் இருவர் காலமும் சேர்ந்து 51 ஆண்டுகளே. கீல்ஹார்ன் முதலிய அறிஞர் கல்வெட்டிலுள்ள திதி, கிழமை, நாண்மீன் ஆகியவற்றைக் கணித்துக் காலம் துணிந்திராவிடின், இல்லாத தலைமுறை இரண்டு இக்குடிவழியில் புகுந்திருக்கும். இத்துறையில் சுவாமிக்கண்ணுப் பிள்ளையவர்கள் வகுத்துத் தந்த கணிதப் பட்டியல்கள் இன்றும் பயன்படுகின்றன. இலக்கியம் பயில்வோர் அவற்றைத் திறந்தும் பாராமை வருந்தத்தக்கது.

1473-க்குப் பின் அழகன் பெருமாள் பராக்கிரமனும் மற்றொரு குலசேகரனும் ஆண்டனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குடியின் நிலை தாழ்ந்தது. மேற்கே வேணாட்டரசர் கணவாய் கடந்து தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கால்வைத்தனர். 1532-ஐ ஒட்டி விசயநகர வேந்தன் அச்சுதராயன் தெற்கே படைசெலுத்தி, பாண்டியன் இழந்த நிலத்தை மீட்டளித்து, அவன் மகளையும் மணந்தான் என்பர். அதனையடுத்து ஆண்ட சீவல்லபன் 'இறந்தகாலம் எடுத்த' என்னும் அடைமொழியைப் பூண்டான். போன காலத்தை மீட்டெடுத்தவன் என்பது அதன் பொருள். வென்ற நாட்டையும் கொன்ற பகைவனையும் கூறும் பட்டங்கள் நம் அரசர்க்கு ஏராளம். காலத்தையே மீட்டதாகக் கூறும் பட்டம் இது ஒன்றே எம் கண்ணிற் பட்டது. அவன் மீட்டது பேரரசு ஒன்றன் நிழலில் வாழும் சிற்றரசே ஆயினும், அக்குடி தன்னை எவ்வாறு எண்ணிக்கொண்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சீவல்லபனுக்குப்பின் 1543-இல் பராக்கிரம குலசேகரனும், 1552-இல் நெல்வேலி மாறனும் முடிசூடினர். இந்நெல்வேலி மாறன் மகனே அதிவீரராம பாண்டியன். மாறனுக்குக் குலசேகரன் என்ற பெயரும் உண்டு. தென்காசியில் விசுவநாதர் கோயிலுக்கு அருகே உள்ள குலசேகரமுடையார் கோயிலைத் தந்தையின் நினைவாக அதிவீரராமன் எடுப்பித்தான் என்பர் ஆராய்ச்சியாளர். மகன் எடுத்த கோயிலின் பெயரே தந்தை பெயருக்குச் சான்றாக நிற்றல் குடிவழி ஆராய்ச்சியில் கிடைக்கும் அரிய பேறு.

அதிவீரராமன் 1564-இல் பட்டம் எய்தினான். வரதுங்கராமன் 1588-இல் எய்தினான். முன்னவன் 1604 வரையிலும் பின்னவன் 1612 வரையிலும் ஆண்டனர் எனக் கொள்ளின், 16 ஆண்டுகள் இருவரும் ஒருங்கே அரசராயிருந்தனர். சகம் 1505-இல், அதாவது 1583-இல், எழுந்த புதுக்கோட்டைச் செப்பேடு இக்குடியின் வழிமுறையைக் கூறும் தலையாய ஆவணம். திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையில் கோபிநாதராவ் அவர்கள் அதனை வெளியிட்டார். சீவல்லபன் என்னும் மறுபெயருடைய அதிவீரராமனும் வரதுங்கராமனும் அதில் ஒருங்கே காணப்பெறுகின்றனர். ஆராய்ந்தோர் அதனாலும் ஏனைக் கல்வெட்டுகளாலும் துணிந்தது, வரதுங்கராமன் நெல்வேலி மாறனின் மகன் அல்லன், அவன் உடன்பிறந்தான் மகன் என்பதே. வேள்விக்குடிச் செப்பேடும் சின்னமனூர்ச் செப்பேடும் போலப் பாண்டியர் ஆவணங்கள் திங்கள் மரபையும் அகத்தியரையும் முன்வைத்துத் தொடங்கும் இயல்பின. அப்பகுதி வரலாற்றுக்கு ஆகாது. கடைசி இரண்டு மூன்று தலைமுறை பற்றிய பகுதியே நம்பத்தக்கது. நூறாண்டுக்கு முற்பட்டோரைப் பற்றிப் புலவர் எதுவும் பாடலாம். கொடையளிக்கும் அரசனின் தந்தை பெயரை அவன்முன் பிறழ எழுதுதல் இயலாது.

அவ்வாறாயின் கதை கூறும் 'அண்ணன் தம்பி' உறவு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை நம் வீட்டு வழக்கிலேயே உள்ளது. பெரியப்பன் மகனையும் சிற்றப்பன் மகனையும் அகவைக்கேற்ப அண்ணன் என்றும் தம்பி என்றும் அழைப்பதே தமிழர் வழக்கு. உடன்பிறந்தானுக்கும் பங்காளிக்கும் ஒரே முறைப்பெயர். கதையை முதலிற் சொன்னவர் பிழைபடக் கூறினார் அல்லர். ஊர்வாயில் வழங்கிய முறைப்பெயரை அவ்வாறே வைத்தார். அதனை ஒருதாய் வயிற்றுப் பிறப்பாகப் பொருள்கொண்டு அச்சேற்றியவர் பிற்காலத்தாரே. தாயத்துக்கு உரிய பங்காளிகள் இருவர் எனக் கொள்ளும்போது கதையின் சுவையும் மாறுகின்றது. நைடதத்தைக் குறைகூறியதற்காகவே ஒருவன் படையெடுத்தான் என்பதை நம்புதல் கடினம். ஒரே காலத்தில் முடிதரித்த பங்காளிகளுக்கிடையே உரசல் இருந்தது என்பதை நம்புதற்குத் தடையில்லை; அவ்வுரசலை ஊரார் இலக்கியப் பூசலாக மாற்றிக்கொண்டனர் எனலாம். இருவரும் புலவராக வாய்த்த குடும்பத்துக்கு அது பொருத்தமான வேடமும் ஆகும்.

இக்குடிவழி வரையறையால் இலக்கிய வரலாற்றுக்கு விளையும் பயன் சிறிதன்று. நைடதம், காசிகாண்டம், கூர்மபுராணம், வெற்றிவேற்கை எனப்படும் நறுந்தொகை ஆகியன அதிவீரராமனுடையவை என்பதில் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. பிரமோத்தர காண்டமும் கொக்கோகமும் வரதுங்கராமன் பெயரால் வழங்குவன. இலிங்கபுராணம், வாயுசங்கிதை ஆகியவற்றுக்கு ஆசிரியர் யாவர் என்பதில் வேறுபாடு உண்டு; வரகுணராமன் பெயரும் அங்கே எழுகின்றது. திருக்கருவைமேல் உள்ள மூன்று அந்தாதிகளோ, ஒருசாரார் அதிவீரராமனுக்கும் மற்றொரு சாரார் வரதுங்கராமனுக்கும் உரிமையாக்கும் நிலையில் உள்ளன. பங்காளிகள் சொத்தைப் பிரித்துக்கொள்வர். இங்கோ அவர்கள் பாட்டைப் பிரித்துத் தரவேண்டிய கடமை நம் தலைமேல் விழுந்துள்ளது. திருக்கருவை எனப்படும் கரிவலம்வந்தநல்லூர் வரதுங்கராமனோடு தொடர்புடைய ஊர் என்னும் மரபை மட்டும் நோக்கின், அந்தாதிகள் அவனுடையனவாதல் கூடும் என்று தோன்றும். ஆயினும், ஊர்த்தொடர்பு ஒன்றுகொண்டே ஆசிரியனைத் துணிதல் வன்மையான வழியன்று. நைடதத்தையும் பிரமோத்தர காண்டத்தையும் அருகருகே வைத்துச் சொல்வழக்கும் யாப்பும் கணக்கிட்டு, அக்கணக்கை அந்தாதிகளோடு ஒப்பிடும் பணியை முதுகலை மாணவர் எவரேனும் மேற்கொள்ளின், அதுவே ஓர் ஆய்வேட்டுக்குப் போதிய பொருளாகும்.

1613-இல் வரகுணராமன் ஆட்சி எய்தினான். வேள்வி பல வேட்டமையால் குலசேகர சோமாசியார் எனப் பெயர்பெற்றவன் இவன். வாளெடுத்த குடி வேள்விச் சாலையில் புகழ்தேடும் நிலைக்கு வந்துவிட்டதனை அப்பட்டம் காட்டும். அதற்குள் மதுரை நாயக்கர் ஆட்சி நிலைபெற்று, நாடு பாளையங்களாக வகுக்கப்பட்டிருந்தது. சிறிது காலத்தில் இக்குடி கல்வெட்டுகளிலிருந்து மறைகின்றது. குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் காலத்தில் அப்பகுதிப் புலவரைப் பேணியோர் பாளையக்காரரும் நாயக்க மன்னருமே; பாண்டியர் பழங்கதையாகிவிட்டனர்.

குடிவழியின் கடைசி ஏடு கரிவலம்வந்தநல்லூரில் உள்ளது. மகப்பேறு இல்லாத பாண்டியன் ஒருவன் தன் உடைமை அனைத்தையும் பால்வண்ணநாதர்க்கே உரிமையாக்கினான் என்பதும், அவன் இறந்தபோது மகன் நிலையில் நின்று இறைவனே இறுதிக்கடன் ஆற்றினான் என்பதும் அக்கோயில் மரபு. அப்பாண்டியன் பெயர் வரகுணர் என்றும் வரதுங்கர் என்றும் மாறி வழங்குதல் மேலே கூறிய பெயர் மயக்கத்தின் மற்றொரு கூறு. கோயிலுக்குச் சேர்ந்த உடைமைகளுள் அவன் தொகுத்த ஏட்டுச் சுவடிகளும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் உ. வே. சாமிநாதையரவர்கள் அவற்றை நாடி அங்கே சென்றார். சிதைந்து குப்பையாய்க் கிடந்த ஏடுகளைக் கண்ட இடத்தில் எறிதல் ஆகாது என்று கருதி, ஆகமம் விதித்த முறை என எண்ணி, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டனர் என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. அச்சுவடிகளுள் அந்தாதிகளின் ஆசிரியர் பெயர் எழுதிய ஏடு ஒன்று இருந்திருத்தல் கூடும்.